கதை சொல்கிறாள், கட்டை அடுக்கத் தெரியவில்லை

கேள்வி: என் மகளுக்கு நாலரை வயது. பிறந்த இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. மூளையின் வலப்பக்கத்தில் பக்கவாதம் ஏற்பட்டிருப்பதாக ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். இடக்கையில் சற்று பலவீனம் உண்டு. கதை கதையாகப் பேசுகிறாள். ஆனால் கட்டை அடுக்கவோ படம் வரையவோ வரவில்லை. ‘முயற்சி செய்வதில்லை’ என்கிறார் ஆசிரியை. அவள் வரைந்த வீட்டை இணைத்திருக்கிறேன்.
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தேன், அம்மா. கதவு, இரண்டு ஜன்னல், கூரை எல்லாம் இருக்கின்றன. ஆனால் கதவு தாளின் ஒரு மூலையில் நிற்கிறது. கூரை கீழே கிடக்கிறது. ஒரு வீட்டில் என்னென்ன உண்டு என்று அவளுக்குத் தெரியும். எது எங்கே சேரும் என்பதில்தான் சிக்கல். முயற்சி செய்யாத குழந்தை இரண்டு ஜன்னல் போட்டிருக்காது. இதை ஆசிரியையிடம் அவசியம் சொல்லுங்கள்.

பாகங்களை இணைத்து முழு உருவமாகக் காண்பதில் மூளையின் வலப்பக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. நுணுக்கங்களைப் பிரித்துப் பார்ப்பதில் இடப்பக்கத்துக்கு. அமெரிக்காவின் சான் டியாகோவில் மூளை வளர்ச்சி ஆய்வாளர் ஜோன் ஸ்டைல்ஸ் குழுவினர் இத்தகைய குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிறு குழந்தைகள் உங்கள் மகளைப் போலவே வீட்டைச் சிதறலாக வரைந்தார்கள். வளர வளர நன்றாகவே வரைந்தார்கள். ஆனாலும் பலர் மனப்பாடம் செய்ததுபோல ஒரே வீட்டைத்தான் திரும்பத் திரும்ப வரைந்தார்கள். வளரும் மூளை மாற்றுவழி தேடிக்கொள்கிறது; பெரியவர்களுக்குப் பக்கவாதம் வந்தால் நேரும் அளவுக்குக் குறை கடுமையாக இருப்பதில்லை. அதே சமயம், சுவடே இல்லாமல் மறைந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சரளமான பேச்சு இந்தக் குறையை மூடி மறைத்துவிடும். பின்னாளில் கணக்கை வரிசை பிறழாமல் எழுதும்போதும், வரைபடம் பார்க்கும்போதும் அது தலைகாட்டலாம்.

முதலில் கண் மருத்துவரிடம் பார்வைப் புலத்தை, அதாவது நேரே பார்க்கும்போது இருபுறமும் எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதை, சோதியுங்கள். இத்தகைய பாதிப்பில் இடப்புறம் இருப்பது கண்ணுக்குத் தப்பலாம். தட்டின் இடப்பக்கத்துச் சோற்றை விட்டுவிடுகிறாளா என்று வீட்டிலேயே கவனிக்கலாம். வலிப்பு மருந்து கொடுத்து வந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். கைக்கும் கட்டை அடுக்குவதற்கும் அன்றாடச் செயல்களுக்குப் பழக்கும் ‘ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்’ என்ற சிகிச்சையாளரின் பயிற்சி தேவை. மாவட்ட அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள்.

வீட்டில் தினமும் பத்து நிமிடம் போதும். டிபன் கேரியரைப் பிரித்துக் கொடுத்து, ‘இதற்கு மேலே எது? மூடி எந்தப் பக்கம்?’ என்று கேட்டுக்கொண்டே அடுக்கச் சொல்லுங்கள். நீங்களும் கையால் காட்டிக் காட்டிப் பேசுங்கள். பேச்சு அவளுடைய பலம். ‘பெரிய சதுரம் முதலில், அதற்குள் கதவு, மேலே கூரை’ என்று அவளே வாய்விட்டுச் சொல்லியபடி வரையட்டும். பெரிய சதுரத்தை முதல் சில நாள்கள் நீங்களே போட்டுக் கொடுங்கள்.