350 சிசிக்கு மாறினால் இன்சூரன்ஸ் எவ்வளவு ஏறும்?

கேள்வி: பல்சர் 150-ஐ விற்றுவிட்டு கிளாசிக் 350 வாங்கப் போகிறேன். என்ஜின் பெரிது, அதனால் இன்சூரன்ஸ் இரண்டு மடங்கு என்கிறார்கள் ஷோரூமில். உண்மையா? ஐந்து வருடமாக நான் கிளைமே எடுத்ததில்லை.

பதில்: பாதி உண்மை. பாலிசியில் இரண்டு தொகை சேர்ந்திருக்கும். முதலாவது தேர்ட் பார்ட்டி, அதாவது உங்கள் வண்டியால் அடிபட்டவருக்குப் போவது. இதற்கு விலை வைப்பது அரசு. எந்தக் கம்பெனியிலும் ஒரே விலைதான். 2022 ஜூனில் வந்த கட்டணப்படி, புது வண்டிக்கு ஐந்து வருடத்துக்குச் சேர்த்து, 75-க்கு மேல் 150 சிசி வரை 3,851 ரூபாய், 350 வரை 7,365, அதற்கும் மேலே போனால் 15,117. ஜிஎஸ்டி தனி. கிளாசிக் 349 சிசி என்பதால் நடுவில் நிற்கிறது. 155 சிசி ஆர்15 வாங்குபவரும் இதே 7,365-தான் கட்ட வேண்டும். ஐந்து சிசிக்கு இவ்வளவு வித்தியாசமா என்று எனக்கே எரிச்சலாக வரும்.

இரண்டாவது ஓன் டேமேஜ், உங்கள் வண்டிக்கானது. இதில் சிசியைவிட வண்டியின் விலைதான் பேசும். ஷோரூம்காரர் விளையாடுவதும் இங்கேதான். ஆன்-ரோடு விலைச் சீட்டில் ‘இன்சூரன்ஸ்’ என்று ஒரே வரியில் மொத்தத் தொகையை எழுதி நீட்டுவார்கள். பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்காத ஆட்-ஆன், அதாவது தனிக் காசுக்குச் சேர்க்கும் கூடுதல் கவர், இரண்டு மூன்று உள்ளே உட்கார்ந்திருக்கும். ‘எங்களிடமே போட வேண்டும்’ என்று சொன்னால் நம்பாதீர்கள், அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. வெளியே இரண்டு இடத்தில் விலை கேளுங்கள்.

அப்புறம், நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் எடுக்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி. அது வண்டிக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். ஐந்து வருடம் கிளைம் இல்லையென்றால் புது வண்டியின் ஓன் டேமேஜில் 50 சதவீதம் குறையும். ஆனால் ஒன்று: அந்த ஐந்து வருடமும் ஓன் டேமேஜ் போட்டிருக்க வேண்டும். வெறும் தேர்ட் பார்ட்டி மட்டும் புதுப்பித்து வந்திருந்தால் போனஸே சேர்ந்திருக்காது. பழைய பாலிசியை எடுத்துப் பாருங்கள், ஓன் டேமேஜ் என்ற இடத்தில் தொகை இருக்கிறதா என்று. இல்லையென்றாலும் ‘50 போட்டுக்கொடுக்கிறேன்’ என்பார் ஏஜென்ட். தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். பின்னால் விபத்து நடந்தால் பழைய கம்பெனியில் விசாரிப்பார்கள். பொய் என்று தெரிந்தால் கிளைம் போய்விடும். ஏஜென்ட் அன்றைக்குப் போனை எடுக்க மாட்டார்.

போனஸ் இருந்தால், பழைய வண்டியை விற்றதும் அந்தக் கம்பெனியில் போனஸ் கடிதம் கேளுங்கள். மூன்று வருடம் செல்லும். விற்றதற்கான ஆதாரம் கேட்பார்கள், ஆர்சி பெயர் மாற்றிய நகலைக் கையில் வைத்திருங்கள்.