மால்வேர் எச்சரிக்கை யார் கண்ணில் படுகிறது? - கணினி கேள்வி பதில்

கே: கப்பலூரில் உள்ள எங்கள் நூற்பாலையில் 140 மைக்ரோசாஃப்ட் 365 மெயில் கணக்குகள் உள்ளன. எங்கள் ஊழியர் கணக்கிலிருந்தே வைரஸ் மெயில் போனால் நிர்வாகிக்குத் தகவல் வருகிறதா என்று ஆடிட்டர் கேட்கிறார். இதைத் தானாகச் சரிபார்க்க வழி உண்டா?
- வாசகர், கப்பலூர்

உண்டு. ஆடிட்டர் கேட்பதும் நியாயம்தான். உள்ளிருந்தே மால்வேர் (வைரஸ் போன்ற தீங்கு நிரல்) கிளம்புகிறது என்றால், அந்தக் கணக்கு ஏற்கெனவே வேறொருவர் கைக்குப் போயிருக்கலாம். ஆனாலும் இந்த அறிவிப்பு தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். நாம்தான் போட வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் 365 மெயிலைக் கட்டளைகளால் நிர்வகிக்கும் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் பவர்ஷெல்லில் ‘கெட்-மால்வேர்ஃபில்டர்பாலிசி’ கொடுத்தால் மால்வேரைத் தடுக்கும் எல்லா பாலிசிகளும் (விதித் தொகுப்புகள்) வரும். ஒவ்வொன்றிலும் ‘எனேபிள்இன்டர்னல்சென்டர்அட்மின்நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்பது ட்ரூ ஆகவும், ‘இன்டர்னல்சென்டர்அட்மின்அட்ரஸ்’ காலியாக இல்லாமலும் இருக்க வேண்டும். திருத்துவதற்கு அதே கட்டளையில் ‘கெட்’ இருக்கும் இடத்தில் ‘செட்’.

இதைத் தானாகச் சரிபார்க்கும் பல ஸ்கிரிப்டுகள் (கட்டளைத் தொகுப்புகள்) இத்தோடு ‘பாஸ்’ போட்டுவிடுகின்றன. அது போதாது. வேலையை விட்டுப் போனவரின் முகவரி அங்கே உட்கார்ந்திருந்தால் எச்சரிக்கை யாருக்கும் போய்ச் சேராது. ‘கெட்-ரெசிபியன்ட்’ கொண்டு அந்த முகவரி இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள். தனி ஆள் முகவரியை விட, இரண்டு மூன்று பேர் பார்க்கும் ஷேர்டு மெயில்பாக்ஸ் நல்லது.

அடுத்ததில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இந்த செட்டிங்கின் பெயரில் ‘அனுப்புநர்’ இருந்தாலும், எந்த பாலிசி பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பது பெறுநர். ஒருவருக்குப் பல பாலிசிகள் பொருந்தினாலும் முதலாவது மட்டுமே செல்லும். வரிசை: மைக்ரோசாஃப்ட் தயாராக வைத்திருக்கும் ஸ்ட்ரிக்ட் ப்ரீசெட், ஸ்டாண்டர்ட் ப்ரீசெட், நீங்கள் உருவாக்கியவை (0 எண் முதலில்), கடைசியில் டீஃபால்ட். டீஃபால்ட்டில் மட்டும் அறிவிப்பைப் போட்டுவிட்டு, கணக்குப் பிரிவுக்குத் தனி பாலிசி வைத்து அதில் போடாமல் விட்டுவிட்டால், அவர்களுக்குப் போகும் மால்வேருக்கு நிர்வாகிக்கு மெயில் வராது. ‘கெட்-மால்வேர்ஃபில்டர்ரூல்’ எந்த பாலிசி யாருக்கு என்பதைக் காட்டும். ரூல் எனேபிள் நிலையில் இருக்கிறதா என்பதையும் அதிலேயே பார்க்கலாம். ப்ரீசெட் அமைப்புகளை மாற்ற முடியாது. ஆகவே ‘கெட்-இஓபிப்ரொடெக்‌ஷன்பாலிசிரூல்’ மூலம் அதில் இருப்பவர்களைத் தனியே பட்டியலிட்டு, அவர்களுக்கான குவாரன்டைனை (பிடிபட்ட மெயில்களை ஒதுக்கி வைக்கும் இடம்) யாராவது தினமும் திறந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.

தானியங்கி ஓட்டத்துக்கு ஸ்கிரிப்டில் பாஸ்வேர்டு எழுதவே வேண்டாம். சர்ட்டிஃபிகேட் (டிஜிட்டல் சான்றிதழ்) வழியாக நுழையும் ஆப் ஒன்றைப் பதிவுசெய்து, எக்ஸ்சேஞ்ச் மேனேஜ் ஆஸ் ஆப் அனுமதியும் குளோபல் ரீடர் பொறுப்பும் கொடுங்கள். படிக்க முடியும், எதையும் மாற்ற முடியாது. விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் தினம் ஒருமுறை ஓடினால் போதும்.

சர்ட்டிஃபிகேட் காலாவதியானால் இணைப்பு கிடைக்காது, பட்டியல் காலியாக வரும். சரியாக எழுதாத ஸ்கிரிப்ட் அதை ‘குறை எதுவும் இல்லை’ என்று அறிக்கையில் எழுதிவிடும். இதைவிட ஆபத்தான தவறு இல்லை. டீஃபால்ட் பாலிசியை யாராலும் நீக்க முடியாது. ஆகவே பாலிசி எண்ணிக்கை 0 என்று வந்தால் அது நிச்சயம் பிழைதான், ‘ஃபெயில்’ என்றே காட்டச் செய்யுங்கள். முடிவை சிஎஸ்வி கோப்பாகச் சேமித்து, நேற்றையதோடு ஒப்பிட்டு, மாற்றம் இருந்தால் மட்டும் மெயில் அனுப்பட்டும். வாரம் ஒருமுறை ‘ஓடிக்கொண்டிருக்கிறேன்’ என்றும் ஒரு மெயில் வரட்டும்.

கே: நிஜ வைரஸ் இல்லாமல் இதைச் சோதிக்க முடியுமா?
- வாசகர், மேலூர்

ஐகார் சோதனைக் கோப்பைப் பயன்படுத்துங்கள். 68 எழுத்துகள் கொண்ட, தீங்கில்லாத வரி. ஆன்ட்டிவைரஸ்கள் இதை வைரஸ் போலவே பிடிக்கும். நோட்பேடில் டெக்ஸ்ட் கோப்பாகச் சேமியுங்கள். அந்த ஃபோல்டருக்கு மட்டும் ஆன்ட்டிவைரஸில் விலக்கு தராவிட்டால் சேமித்த உடனே அழிந்துவிடும். சோதனை முடிந்ததும் விலக்கை நீக்கிவிடுங்கள். ஒரு ஊழியர் கணக்கிலிருந்து இன்னொருவருக்கு இணைத்து அனுப்பி, குவாரன்டைனில் மெயில் நிற்கிறதா, நிர்வாகிக்கு அறிவிப்பு வந்ததா என்று இரண்டையும் பாருங்கள். பாலிசிக்கு ஒரு பெறுநர் வீதம் செய்தால்தான் முழுச் சோதனை.

கே: எச்சரிக்கை வந்தால் எவ்வளவு நேரத்துக்குள் செயல்பட வேண்டும்?
- வாசகர், திருமங்கலம்

உடனே. முதலில் அந்தக் கணக்கின் உள்நுழைவை முடக்கி, திறந்திருக்கும் செஷன்களை ரத்து செய்து, பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். இன்பாக்ஸ் ரூல்களையும் பாருங்கள். மெயிலை வெளியே திருப்பிவிடும் ரூலைத் திருடர்கள் விட்டுச் செல்வது வழக்கம். மால்வேர் தாக்குதலை, கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் 28.4.2022 உத்தரவு. லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது.