மனநலச் சட்டமூலம்: எதிர்ப்பை எங்கே தொடங்குவது?

கேள்வி: கட்டாயமாக வார்ட்டில் மறிக்க இடந்தரும் புதிய மனநலச் சட்டம் வந்தால், கிளினிக் போய்வரும் நாங்கள் எப்படி எதிர்ப்பது?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: முதலில் வர்த்தமானியின் தமிழ்ப் பிரதியை எடுங்கள். யார் மறிக்கலாம், எத்தனை நாள், மேன்முறையீடு எங்கே என்ற பிரிவுகளைக் கோடிடுங்கள். ‘வேண்டாம்’ என்று மட்டும் எழுதிய மனு கோப்புக்குள் தூங்கிவிடும். பிரிவு இலக்கமும் மாற்று வாசகமும் கட்டாயம். வெறுமனே தடுத்தால் மிஞ்சுவது இப்போதுள்ள, 1873ஆம் ஆண்டின் மனநோய்க் கட்டளைச் சட்டம்தான், அது இன்னும் மோசம்.

அமைச்சுக்கு எழுதும்போது, இலங்கை 2016இல் ஏற்ற ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தில், ஆளின் சுதந்திரம் பற்றிய 14ஆம் உறுப்புரையைக் காட்டுங்கள். உயர் நீதிமன்றத்திலோ அரசியலமைப்பு மீறல் என்றே வாதம் நிற்கும். சட்டமூலம் நாடாளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் (அலுவல் பட்டியலில்) ஏறி 14 நாட்களுக்குள் அங்கே மனு போகவேண்டும், பிரதி சபாநாயகருக்கு. சட்டமானபின் அந்த வழி இல்லை. சட்டத்தரணியை இப்போதே பிடியுங்கள்.

கையெழுத்துத் தாளில் நோயின் பெயரோ கிளினிக் இலக்கமோ கேட்கவே வேண்டாம். அந்தத் தாள் ஊருக்குள் கைமாறும்.