தேக்கு வில் ஏன் முறிந்தது?

கேள்வி: தச்சு வேலையில் எனக்கு ஓரளவு பழக்கம் உண்டு. தேக்குப் பலகையில் இரண்டு வில் செய்தேன். முதலாவதை ஆங்கிலேயரின் நெடுவில் படங்களைப் பார்த்து ஒன்றேகால் அங்குல அகலத்தில், உட்புறம் உருண்டையாக இழைத்தேன். பாதி இழுப்பதற்குள் முறிந்தது. இரண்டாவது, இரண்டு அங்குல அகலத் தட்டை வில். முறியவில்லை, ஆனால் பிடிக்கு அருகில் மட்டுமே வளைகிறது. நாணைக் கழற்றினாலும் மூன்று அங்குலம் வளைந்தே நிற்கிறது. இழுக்கும் வலிமை 45 பவுண்டு எதிர்பார்த்தேன், 30கூட வரவில்லை. நான் இருப்பது கடலோர ஊர். தவறு மரத்திலா, வேலையிலா?

பதில்: இரண்டிலும் இருக்கிறது. ஆனால் வேலையில் இருப்பது பெரிது, அதைத் திருத்துவதும் எளிது.

மரத்தை முதலில் முடித்துவிடுவோம். கதவு, கட்டில், கப்பல் தளம் என்று தேக்குக்கு எத்தனையோ வேலை உண்டு; வளைந்து மீளும் வேலை அதற்கு உகந்ததன்று. கோடாரிக் காம்புக்கு உங்கள் ஊர் ஆசாரி தேக்கை எடுக்கமாட்டார். அவர் காம்புக்கு எந்த மரத்தைத் தேடுவாரோ அதைக் கேட்டு வாங்குங்கள். பெருநகர மரக்கடைகளில் இறக்குமதியாகும் ஆஷ், ஹிக்கரி பலகைகள் கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டுமே வில்லுக்குப் பெயர் போனவை. காட்டு மரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், வழக்கு வரும்.

எந்த மரமானாலும் பார்க்க வேண்டியது நார் ஓட்டம். வில்லின் முதுகு, அதாவது எய்பவருக்கு எதிர்ப்புறமாக இருக்கும் பக்கம், இழுபடுகிறது. வயிறு, நாண் இருக்கும் பக்கம், நசுங்குகிறது. முதுகில் நார் பாதியில் அறுபட்டு ஓரம் வழியாக வெளியேறினால், சில்லு அங்கேதான் எழும். பலகையின் முகத்திலும் பக்கத்திலும் கோடுகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நேராக ஓடுகின்றனவா என்று பாருங்கள். நூறு பலகையைப் புரட்டினால் ஒன்று தேறலாம். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. உருட்டுக் கட்டையைப் பிளந்து செய்பவர்கள் ஓர் ஆண்டு வளையத்தை அறுக்காமல் முதுகு முழுவதும் கொண்டுபோவார்கள். நம் வெப்ப நாட்டு மரங்கள் பலவற்றில் அந்த வளையம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. அங்கே ஒரு வழி உண்டு: பட்டையை மட்டும் உரித்துவிட்டு, அதன் அடியில் தெரியும் பரப்பையே உளி படாமல் முதுகாக வைத்துக்கொள்வது. அந்தப் பரப்பில் எந்த நாரும் அறுபட்டிருக்காது.

இனி வேலை. இரண்டு வில்லுக்கும் காரணம் ஒரே கணக்கில் அடங்கும். வில்லின் கை என்பது பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதி. அதன் விறைப்பு அகலத்துக்கு நேர் விகிதத்தில் கூடுகிறது. கனத்துக்கோ, அதாவது தடிமனுக்கோ, அதன் மும்மடிப் பெருக்கத்தில் (தடிமன் × தடிமன் × தடிமன்) கூடுகிறது. கனத்தில் பத்தில் ஒரு பங்கைச் சீவினால் விறைப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அகலத்தில் அதே பங்கைக் குறைத்தால் பத்தில் ஒன்றுதான் போகும். இன்னொன்று, ஒரே அளவு வளைவில் மேற்பரப்பு நார் எவ்வளவு இழுபடுகிறது என்பது கனத்தைப் பொறுத்தது. கனம் பாதியானால் இழுபடுவதும் பாதியாகிறது.

ஒன்றேகால் அங்குல அகலத்தில் 45 பவுண்டு வேண்டுமென்றால் கையைத் தடிமனாக வைத்துத்தான் ஆக வேண்டும். தடித்த கையில் நார் மிகுதியாக இழுபடும். உருண்டை வயிறாக இருந்தால் நசுங்கும் சுமை முழுவதும் நடுவிலுள்ள ஒரு குறுகிய வரிக்கு வந்துசேரும். ஆங்கிலேய வில்லுக்கு அது பொருந்தியது, ஏனென்றால் அது யூ மரம்: இழுவையைத் தாங்கும் வெளிமரம் முதுகிலும், நசுங்கலைத் தாங்கும் உள்மரமான வைரம் வயிற்றிலும் இயற்கையாகவே ஒட்டியிருக்கும். மற்ற மரங்களுக்கு அகலமும் தட்டையும்தான் வழி. டென்மார்க்கின் ஹோல்மகார்ட் சதுப்பு நிலத்தில் 1944இல் கிடைத்த எல்ம் மர வில்கள் சுமார் 9000 ஆண்டு பழையவை. அவற்றின் கைகள் அப்போதே அகலமாக, தட்டையாக இருந்தன. 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் போன்ற அமெரிக்க அறிவியலாளர்கள் வில்லை அளந்து சோதித்தபோது அவர்கள் வந்துசேர்ந்ததும் செவ்வக வெட்டுக்குத்தான்.

ஆக, இரண்டாவது வில்லில் நீங்கள் தட்டைக்கு மாறியது சரி. ஆனால் இரண்டு அங்குல அகலத்தை முனைக்கு அருகில்வரை அப்படியே விட்டு, கனத்தையும் ஒரே சீராக இழைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். இழைப்புளி பழகிய கை அதைத்தான் செய்யும். நாணை இழுக்கும்போது வளைக்கும் விசை முனையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பிடியை நெருங்க நெருங்க ஏறுகிறது. கை முழுவதும் ஒரே விறைப்பாக இருந்தால், விசை மிகுந்த பிடியோரம் வளையும், மற்ற இடம் கட்டையாக நிற்கும். வளைவு முழுவதையும் அந்த நாலு அங்குலம் சுமந்து நசுங்கியதால்தான் வில் நிமிரவில்லை. ஒன்று, ஒன்றரை அங்குலம் வளைந்து நிற்பது எந்த மர வில்லிலும் இயல்பு. மூன்று மிகுதி.

தச்சர்களுக்கு நான் சொல்வது கூர்நுனி அமைப்பு. கனத்தை ஒரே சீராக விடுங்கள். அகலத்தைப் பிடியோரத்தில் இரண்டேகால் அங்குலத்தில் தொடங்கி முனையில் அரை அங்குலமாக நேர்கோட்டில் குறையுங்கள். விசை குறையும் அதே விகிதத்தில் அகலமும் குறைவதால் கை ஒரு வட்டத்தின் பகுதிபோலச் சீராக வளையும். கண்ணளவில் கனத்தைப் படிப்படியாகக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதி மிச்சம். 28 அங்குலம் இழுப்பவருக்கு வில் 68 அங்குல நீளம் இருக்கட்டும். நடுவில் நாலு அங்குலம் பிடி, அதன் இருபுறமும் இரண்டிரண்டு அங்குலம் சரிந்து கையில் கலக்கட்டும். கையின் கனத்தை முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். பலகை மெல்லியதாக இருந்தால் பிடிக்குத் தனிக்கட்டை ஒட்டலாம்.

இருக்கும் தேக்கு வில்லையும் இப்படியே மீட்கலாம். பிடியோரத்தை இனித் தொடாதீர்கள். அங்கிருந்து முனைவரை பக்கங்களை அறுத்து நேர்கோடாக்குங்கள். வளைவு பரவும், வலிமை இன்னும் குறையும். 20 பவுண்டு நின்றால் போதும், பழக அது நல்ல வில். அதில் 45 தேடாதீர்கள்.

புதிய வில்லைச் சீர்செய்யும்போது சுவரில் ஒரு கட்டையில் பிடியைத் தாங்க வைத்து, தரையிலிருக்கும் கப்பி வழியாகக் கயிற்றை இழுத்து, தள்ளி நின்று பாருங்கள். கயிற்றின் நடுவில் ஒரு தொங்கு தராசைக் கோத்துவிடுங்கள். 45 பவுண்டு உங்கள் இலக்கானால், இழுப்பு எத்தனை அங்குலமானாலும் தராசு 45ஐத் தாண்டக் கூடாது. பத்து அங்குலத்திலேயே 45 காட்டினால் அங்கேயே நிறுத்தி, வயிற்றுப் பக்கம் சீவிவிட்டு மீண்டும் இழுங்கள். சீவியது வளைவில் தெரியுமுன் முப்பது தடவையாவது கயிற்றை மெல்ல இழுத்து, மெல்லவே தளர்த்த வேண்டும். எங்கே சீவுவது என்பதற்கு ஆறு அங்குல நேர்க்கட்டையின் நடுவில் ஒரு பென்சிலைச் செருகி, வளைந்த வயிற்றின் மேல் நகர்த்துங்கள். மிகுதியாக வளைந்த இடத்தில் பென்சில் முனை மயிரிழையில் தொடாதபடி வைத்தால், வளையாத இடங்களில் அதுவே கோடு போடும். கோடு விழுந்த இடத்தைச் சுரண்டுங்கள், முதுகைத் தொடாதீர்கள். முதுகின் இரு ஓரக் கூர்மையை மட்டும் உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள். நாண் தங்கும் வெட்டைப் பக்கங்களில் மட்டும் போடுங்கள், முதுகின் குறுக்கே போடாதீர்கள்.

கடலோரம் என்றீர்கள். வில்லுக்கு மரத்தில் எட்டு முதல் பத்து விழுக்காடு ஈரம் போதும். காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டில் நிற்கும் ஊரில் மரம் 13 விழுக்காட்டுக்குக் குறைந்து உலராது. ஈர மரம் எளிதில் முறியாது, ஆனால் வளைந்தபடியே நின்றுவிடும். உங்கள் மூன்று அங்குலத்தில் அதற்கும் பங்கு உண்டு. இழைத்த கட்டையை ஒரு பெட்டியில் பழைய குண்டு பல்ப் எரியவிட்டு வைத்து, தினமும் சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றதும் வேலையைத் தொடங்கலாம். வெயிலில் போட்டால் வெடிக்கும்.

நாணுக்கு நைலான் கயிறு வேண்டாம், இழுபட்டு நீளும். முறுக்கிய பாலியெஸ்டர் நூல், வில்லின் வலிமையைப்போல் நாலு மடங்காவது தாங்குவதாக இருக்க வேண்டும். நாணேற்றியபின் பிடிக்கும் நாணுக்கும் இடையே ஆறு அங்குல இடைவெளி இருக்கட்டும். எய்து முடித்ததும் நாணை இறக்கிவிடுங்கள். அம்பில்லாமல் நாணை இழுத்துச் சட்டென்று விடவே கூடாது: அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் முழுவதும் மரத்துக்குத் திரும்பும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் புதுவில்லை இழுக்காதீர்கள்.