ஒப்பிடும் கேள்வியில் தடுமாறும் மகள்: மன்னார்குடித் தந்தை ஒருவருக்கு

ஐயா, வணக்கம்.

மகள் எழுதிய எஸ்எஸ்சி சிஜிஎல் (மத்திய அரசுப் பணிக்கான தேர்வு) மாதிரித் தேர்வின் ஆங்கிலத் தாளைப் பார்த்தேன். 'தமிழ் மீடியத்தில் படித்தவள், ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்கட்டுமா' என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், அந்தப் பணம் கையிலேயே இருக்கட்டும். பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளில் அவள் விட்டவை ஆறு. அதில் நான்கு ஒரே தவறுதான்: ஒப்பிடும் வாக்கியம்.

நீங்கள் விவசாயி, உடனே பிடித்துவிடுவீர்கள். நெல் ரகங்களைப் பற்றிப் பேசும்போது, 'சிஆர் 1009-இன் வயது ஏடிடி 43-ஐ விட அதிகம்' என்கிறோம். ஒன்று ஏறக்குறைய 160 நாள், மற்றது 110 நாள் என்பது கேட்பவருக்குப் புரிந்துவிடுகிறது. ஆனால் அந்த வரியைத் தராசில் வைத்துப் பாருங்கள்: ஒரு தட்டில் வயது, மறு தட்டில் நெல்! பேச்சுத் தமிழ் இதைக் கண்டுகொள்ளாது. தேர்வுத்தாளின் ஆங்கிலம் விடாது. 'தி டியூரேஷன் ஆஃப் சிஆர் 1009 இஸ் லாங்கர் தேன் ஏடிடி 43' என்றால் தவறு. 'தேன் தட் ஆஃப் ஏடிடி 43' என்று வயதுக்கு எதிரே வயதை வைக்க வேண்டும். பன்மையானால் 'தோஸ் ஆஃப்'. இந்த விதி அவளுக்குத் தெரியும். எங்கே தேடுவது என்பதுதான் பிடிபடவில்லை.

தேன், ஆஸ், லைக், அன்லைக் என்ற சொற்களைக் கண்டதும் பென்சிலால் வட்டம் போடச் சொல்லுங்கள். இதில் அன்லைக்தான் பெரிய கள்ளன். 'அன்லைக் தி காவேரி, தி பெட் ஆஃப் தி கொள்ளிடம் இஸ் வெரி வைட்' என்பது காதுக்குச் சரியாகவே படும். ஆனால் அது ஆற்றை ஆற்றுப்படுகையோடு ஒப்பிடுகிறது. 'அன்லைக் தி காவேரி, தி கொள்ளிடம் ஹேஸ் எ வெரி வைட் பெட்' என்றால் ஆறும் ஆறும் நேருக்கு நேர் வந்துவிடும்.

அப்புறம் 'மேட்டூர் இஸ் பிக்கர் தேன் எனி டேம் இன் தமிழ்நாடு'. மேட்டூரும் தமிழ்நாட்டு அணைதானே, தன்னைவிடத் தானே பெரிதாவது எப்படி? 'எனி அதர் டேம்' என்று வர வேண்டும்.

இதற்கு நீங்களே பயிற்சி கொடுக்கலாம், ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கேள்வித்தாளிலுள்ள நாலைந்து வரிகளைத் தமிழில் சொல்லச் சொல்லி, 'எதை எதோடு ஒப்பிட்டிருக்கிறது?' என்று கேளுங்கள். அவள் தயங்கும் வரியில்தான் பெரும்பாலும் பிழை இருக்கும்.

இதிலேயே மாதக்கணக்கில் உட்காரவும் வேண்டாம். எஸ்எஸ்சி சிஜிஎல் முதல் கட்டத்தில் ஆங்கிலம் 25 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண், தவறானால் 0.50 போகும். ஒப்பீடு ஒன்றிரண்டு வரலாம், வராமலும் போகலாம். ஒரு வாரம் போதும்.

மைத்துனர் கொடுத்த பழைய ஜிமேட் (எம்பிஏ நுழைவுத் தேர்வு) புத்தகத்தை என்ன செய்வது என்றீர்கள். 2023-இல் வந்த புதிய ஜிமேட்டில் வாக்கியத் திருத்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். இருந்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், ஒப்பீட்டுக் கேள்விகளுக்கு அது நல்ல பயிற்சி. அந்த ஓர் அத்தியாயத்தை மட்டும் போட்டுப் பார்க்கட்டும். அடுத்த மாதிரித் தேர்வு முடிந்ததும் தாளை அனுப்புங்கள்.