தலைவலி நிபுணர் கிடைக்கும்வரை என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 36. எட்டு வருடங்களாகத் தலைவலி. பாதித் தலை விண்விண்ணென்று தெறிக்கும், வாந்தி வரும், வெளிச்சமே ஆகாது. கண் டாக்டர், காது மூக்கு தொண்டை டாக்டர் இருவரும் பார்த்துவிட்டார்கள். ஸ்கேனும் நார்மல். வாரத்தில் நாலு நாளாவது வலி மாத்திரை போடுகிறேன். தலைவலிக்கென்று தனி நிபுணர் எங்கள் பக்கம் இல்லை. நரம்பியல் நிபுணரைப் பார்க்கவே மூன்று மாதம் காத்திருக்க வேண்டுமாம். அதுவரை என்ன செய்வது?

பதில்: நீங்கள் சொல்வது ஒற்றைத் தலைவலியோடு, அதாவது மைக்ரேனோடு, நன்றாகப் பொருந்துகிறது. ஸ்கேன் நார்மல் என்றால் உங்களுக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை. மைக்ரேன் ஸ்கேனில் தெரியாது. நோயாளி சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். அந்தப் பொறுமைதான் பல இடங்களில் கிடைப்பதில்லை. 2011இல் வெளியான உலக சுகாதார நிறுவன அறிக்கையின்படி, மருத்துவப் படிப்பு முழுவதிலும் தலைவலிக்கு ஒதுக்கப்படுவது சராசரியாக 4 மணி நேரம்தான். இத்தனை பேரை வாட்டும் நோய்க்கு இது மிகக் குறைவு.

ஆனாலும் மைக்ரேன் உள்ள பெரும்பாலோருக்கு, அக்கறையுள்ள ஒரு பொது மருத்துவரே போதும். மூன்று மாதமும் சும்மா காத்திருக்காதீர்கள். இந்த வாரமே ஒருவரைப் பாருங்கள்.

அவரிடம் முதலில் சொல்ல வேண்டியது மாத்திரைக் கணக்கு. வாரத்துக்கு நாலு நாள் என்றால் மாதத்தில் 16, 17 நாள் ஆகிறது. பாரசிட்டமால் போன்ற சாதாரண மாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால் அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கத் தொடங்கும். பல மருந்துகள் சேர்ந்த மாத்திரைக்கும், மைக்ரேன் வலிக்கென்றே தரப்படும் டிரிப்டான் வகை மாத்திரைக்கும் 10 நாளே எல்லை. இதைக் கவனிக்காமல் வேறு எந்த வைத்தியம் செய்தாலும் முழுப் பலன் கிடைப்பது கஷ்டம். குறைக்கும்போது முதலில் சில நாட்கள் வலி கூடும், அப்புறம் தணியும். நீங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவர் துணையோடு செய்யுங்கள்.

வலி வராமல் தடுக்கும் மருந்தையும் அவரே தொடங்கலாம். புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின் போன்றவை பழைய, நன்கு பழகிய மருந்துகள். ஆஸ்துமா இருந்தாலோ, குழந்தை பெறும் எண்ணம் இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்; மருந்துத் தேர்வே மாறும். இவை வேலை செய்ய 6 முதல் 8 வாரம் ஆகும். பத்து நாளில் பலனில்லை என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

நரம்பியல் நிபுணரிடம் வாங்கிய தேதியை ரத்து செய்யாதீர்கள். இரண்டு மூன்று தடுப்பு மருந்துகள் பலிக்காதபோதும், நோய் எதுவென்று சந்தேகம் இருக்கும்போதும் அவர் உதவி தேவை. போட்யூலினம் (போடாக்ஸ்) ஊசி, மைக்ரேன் வலியைத் தூண்டும் சிஜிஆர்பி என்ற புரதத்தைத் தடுக்க 2018இலிருந்து வந்திருக்கும் புதிய ஊசிகள் போன்றவை பெரும்பாலும் அவர் வழியாகத்தான் கிடைக்கும். அதுவரை ஒரு நோட்டில் வலி வந்த நாள், எத்தனை மணி நேரம், என்ன மாத்திரை, மாதவிடாய்த் தேதி இவற்றை எழுதிவாருங்கள். பல ஸ்கேன் படங்களைவிட அந்த நோட்டு அவருக்கு அதிகம் சொல்லும்.

திடீரென்று இடிபோல் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் இவற்றில் எது வந்தாலும் எந்தத் தேதிக்காகவும் காத்திருக்க வேண்டாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.