ஒளியால் நரம்பு செல்லை இயக்க முடியுமா?

முடியும். ஆனால் மூளைக்குள் இருக்கும் நரம்பு செல்லுக்கு வெளிச்சம் தெரியாது. முதலில் அதற்கு ஒரு ‘கண்’ பொருத்த வேண்டும். அந்தக் கண் பாசியிடம் கடன் வாங்கியது. கிளாமிடோமோனஸ் என்ற ஒற்றைச் செல் பச்சைப்பாசி, வெளிச்சத்தை உணர்ந்து நீந்துவதற்குச் சேனல்ரோடாப்சின் என்னும் புரதத்தை வைத்திருக்கிறது. நீல ஒளி பட்டதும் அதனுள் இருக்கும் ரெட்டினால் மூலக்கூறு (வைட்டமின் ஏ-யின் உறவுக்காரர்தான்) மடங்குகிறது, வாசல் திறக்கிறது, நேர்மின் அயனிகள் உள்ளே பாய்கின்றன, செல் துடிக்கிறது. எல்லாம் சில மில்லிநொடிகளில்.

இப்புரதத்தின் மரபணுவைத் தீங்கற்ற வைரஸில் ஏற்றி மூளைக்குள் அனுப்புகிறார்கள். 2005-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் பாய்டன், டைசராத் குழுவினர் வளர்ப்புத் தட்டில் இருந்த நரம்பு செல்களை இப்படி ஒளியால் இயக்கிக் காட்டினார்கள். மின்முனை செருகி மின்சாரம் பாய்ச்சினால் அக்கம்பக்கத்துச் செல்களும் சேர்ந்து விழித்துக்கொள்ளும்; இங்கே மரபணு வேலை செய்யும் செல் மட்டுமே ஒளிக்குப் பதில் சொல்லும். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

2011-இல் ஆண் எலிகளின் மூளையில் ஹைப்போதலாமஸ் என்னும் இடத்தில் ஒரு சிறு பகுதிக்கு ஒளி பாய்ச்சினார்கள். ஊதிய கையுறை மீதுகூட அவை பாய்ந்து கடித்தன!

மனிதரில்? பார்வையிழந்த ஒருவர் இம்முறையாலும் சிறப்புக் கண்ணாடியாலும் மேசைமேல் இருந்த பொருள்களைக் கண்டறிந்ததாக 2021-இல் ஆய்வறிக்கை வந்தது.